வாத்துக் கூட்டில் ஒரு பீங்கான் முட்டை

மக்களே, இதை நீ உட்கார்ந்து படி. நான் உட்கார்ந்து எழுதவில்லை. காலையில் காலித் வந்து பேசிவிட்டுப் போனதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. தோட்டத்து கேட்டிலிருந்து வாத்துக் கொட்டகை வரைக்கும், கொட்டகையிலிருந்து தண்ணீர் மோட்டார் வரைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். நடுவில் அறை வாசலுக்கு வந்து, தீவன டிரம்மின் மேல் பேப்பரை வைத்து, நின்றபடியே நாலு வரி எழுதுகிறேன். பிறகு மறுபடியும் நடை. போனில் பேசியிருக்கலாம்தான். பேசினால் நான் கத்துவேன், நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். வாய்ஸ் நோட் அனுப்பினால் நீ அதை ஒன்றரை வேகத்தில் ஓட்டிக் கேட்பவன் என்று எனக்குத் தெரியும். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. தமிழ் எழுத்து உனக்கு மெதுவாகத்தான் வரும். இன்றைக்கு அதுவும் எனக்கு வசதிதான்.

காலித் என்ன சொன்னான் தெரியுமா? கையில் காவாக் காப்பிக் கிண்ணத்தோடு கொட்டகைக்கு வந்தான். அவன் அப்பா, நம்ம பழைய முதலாளி அர்பாப், உயிரோடு இருந்தவரை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவன். அவர் போன பிறகு இப்போது அவன்தான் என் கஃபீல், என் விசா அவன் பெயரில்தான். "பாபா, துமாரா பேட்டா மேரே கோ போலா. ஷாதி கே பாத் கலாஸ். கர் மே ஆராம் கரோ" என்றான். உன் மகன் எல்லாம் பேசிவிட்டான், கல்யாணத்தோடு போதும், இனி வீட்டில் ஓய்வெடு என்கிறான். நான் "அச்சா" என்றேன். இந்த நாட்டில் இத்தனை வருஷத்தில் எல்லாப் பாஷையிலும் தலையாட்டக் கற்றுக்கொண்டேன், மாட்டேன் என்று சொல்ல மட்டும் ஒரு பாஷையிலும் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு துபாயிலிருந்து கேக் வாங்கி வந்தாயே, "காலித்துக்கு ஒரு துண்டு குடுத்துட்டு வாரேம்ப்பா" என்று போய் அவ்வளவு நேரம் வரவில்லையே, அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். ஒரு துண்டு கேக்குக்குள் என் விசாவை வைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய். மீதிக் கேக் இன்னும் பிரிட்ஜில் இருக்கிறது. தொட மனசு வரவில்லை.

எனக்குக் கோபம்தான், மறைக்கவில்லை. ஆனால் உன்மேல் கோபப்படும்போதெல்லாம் நீ பறவைச் சந்தையில் நின்ற முகம் நினைவுக்கு வந்து தொலைக்கிறது. நீ இந்த நாட்டுக்கு வந்த புதுசு. நான் டைல் கம்பெனியில் சூளை வேலை முடிந்து, ஊருக்குப் போகாமல், விசாவை இந்தத் தோட்டத்துக்கு மாற்றிக்கொண்ட சமயம். பழைய அர்பாப்புக்குக் கூஸ் வாத்து முட்டை என்றால் உயிர். நம்மூர் வயலில் மேய்கிற சின்ன வாத்து இல்லை, கழுத்தை நீட்டி ஆளைத் துரத்துகிற வெள்ளைப் பெரிய வாத்து. ஒரு முட்டை இருந்தால் ரெண்டு பேர் காலைச் சாப்பாடு முடிந்துவிடும். ஒரு ஆணும் ரெண்டு பெண்ணும் வாங்கிவரச் சொல்லி அனுப்பினார். நீதான் கூட வந்தாய். போனைப் பார்த்துப் பார்த்து, "இது ரெண்டும் பொட்டைப்பா, கழுத்து மெலிஞ்சிருக்கு பாருங்க" என்று தேர்ந்தெடுத்தாய். நானும் பெரிய ஆள் மாதிரி இறக்கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஆமாம் என்றேன். அந்தக் குளிர்காலம் முழுக்க அர்பாப் தினமும் காலையில் வந்து, "பாபா, பைத் மாஃபி?" என்று கேட்பார். முட்டை இல்லையா என்று. "மாஃபி அர்பாப்" என்பேன். குளிர்காலமே முடிந்த பிறகுதான் கறிக்கடைக்காரர் ஒருவர் சொன்னார், மூன்றும் கடா, ஒன்றுகூடப் பொட்டை இல்லை என்று. கூஸில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுதான், குரலில்தான் வித்தியாசம்: ஆண் கீச்சென்று கத்தும், பெண் அடித்தொண்டையில் பேசும். நம் வீட்டிலும் அப்படித்தான் என்று நீ சொன்னாய். அர்பாப் திட்டுவார் என்று பயந்துகொண்டிருந்தவர்கள், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம். நீயும் நானும் அப்படிச் சிரித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பிறகு ரெண்டு கடாவைக் கொடுத்து ரெண்டு பொட்டை வாங்கினேன். மீதி நின்ற ஒன்றுதான் மெம்பர். நம்ம வார்டு மெம்பர் மாதிரியே நெஞ்சை நிமிர்த்தி நடக்கும், ஒரு வேலையும் செய்யாது, யார் வந்தாலும் கத்தும். அதன் பிறகுதான் எனக்கு இந்தப் பிழைப்பின் சூட்சுமம் புரிந்தது. வாத்து ஒருநாள் விட்டு ஒருநாள், விடியக் காலையில், மறைவான மூலை பார்த்து இடும். இட்டதும் வைக்கோலை இழுத்து மூடிவிடும். நாம் எடுக்காமல் விட்டால் ஒரு சில முட்டை சேர்ந்ததும் அதன்மேல் உட்கார்ந்துவிடும், அதோடு இடுவது நிற்கும். அதனால் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் கூட்டைத் துடைத்து எடுத்துவிட்டால் அது அந்தக் கூட்டையே கைவிட்டுவிட்டு மரத்தடியில் எங்கோ போய் இடும், நாய்க்குத்தான் லாபம். ஆகவே எப்போதும் ஒன்றை விட்டுவைக்க வேண்டும். நல்ல முட்டையை விட்டால் கெட்டுப்போகிறதே என்று, கம்பெனியில் வாஷ்பேசின் வார்க்கிற நம்ம ஊர்க்காரனிடம் ஒரு வாத்து முட்டையைக் கொடுத்து, பீங்கானில் அதேபோல ஒன்று செய்து தரச் சொன்னேன். சூளையில் பீங்கான் சுருங்கும் என்று காலமெல்லாம் சூளைப் பக்கம் நின்ற எனக்கே அன்றைக்குத் தோன்றவில்லை. கோழி முட்டையை விடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று வந்தது. வாத்து அதை மூக்காலேயே உருட்டி வெளியே தள்ளிவிட்டது. அடுத்த தடவை முட்டைமேல் சாந்து பூசிப் பெரிதாக்கி, அதிலிருந்து அச்சு எடுத்தான். அது சரியாக அமைந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பீங்கான் முட்டைதான் கூட்டில் கிடக்கிறது. வாத்து அதை நம்பி இட்டுக்கொண்டே இருக்கிறது.

எனக்குப் பதிலாக, பேரீச்சை வேலை பார்க்கிற ரஃபீக் பார்த்துக்கொள்வான் என்கிறான் காலித். ரஃபீக் நல்லவன், மரம் ஏறுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் போன குளிர்காலத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டபோது என்ன செய்தான்? கூட்டிலிருந்த அத்தனையையும் கூடையில் அள்ளி அர்பாப் வீட்டுச் சமையல்கட்டுக்கு அனுப்பிவிட்டான், பீங்கான் முட்டையையும் சேர்த்து. சமையல்காரர் அதை மேடையில் தட்டிப் பார்த்திருக்கிறார், கரண்டியால் அடித்திருக்கிறார், கடைசியில் கறி வெட்டுகிற கத்தியை எடுத்திருக்கிறார். கத்தி நுனி போனதுதான் மிச்சம். "பாபா, ஏ முர்கி கா பீ பாப் ஹை" என்று அந்த ஆள் முட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது காய்ச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. கோழிக்கெல்லாம் அப்பனாம். வாத்துகள் கோபித்துக்கொண்டு அந்த மாதம் கூட்டுப் பக்கமே வரவில்லை.

இரு, மோட்டார் ஓடுகிற சத்தம் மாறுகிறது. பார்த்துவிட்டு வருகிறேன்.

ஒன்றுமில்லை. காற்றுதான். மலையில் கல் உடைக்கிற இடத்திலிருந்து தூசி வருகிறது, வாத்தெல்லாம் பழுப்பாகிக் கிடக்கிறது. என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆம், விட்டுவைப்பது. மக்களே, நான் ஊருக்கு வந்ததெல்லாம் ஜூலையில்தான், கவனித்திருக்கிறாயா? கம்பெனியில் இருந்தபோது சூளையை அணைத்துப் பழுது பார்ப்பது அந்தக் கொடும் வெயிலில்தான், லீவும் அப்போதுதான். தோட்டத்துக்கு வந்த பிறகு வாத்து முட்டையிடாத காலம் என்று அதே ஜூலை. உன் பள்ளிக்கூடம் ஜூனில் திறந்துவிடும். அதனால் உன்னை நான் பார்த்ததெல்லாம் யூனிஃபார்மில்தான். காலையில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாய், சாயங்காலம் சோர்ந்து வருவாய். ஒரு கிறிஸ்துமஸுக்கு நீ போட்ட புதுச் சட்டையை நான் நேரில் பார்த்ததில்லை. போட்டோவில் பார்த்தேன், நிறம் நல்லா இருந்தது. நீ கல்யாணத்தை ஜனவரி கடைசியில் வைத்தபோது, வாத்து நன்றாக இடுகிற நேரத்தில் வைத்திருக்கிறானே என்று எனக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதை இங்கே எழுதவே கூசுகிறது. ஆனாலும் உண்மை அதுதான். "கோவில்ல மூணு ஞாயிறும் கல்யாண ஓலை வாசிக்கும்போ நீங்க முன்னால பெஞ்சில இருக்கணும், ஆமா" என்று உன் அம்மா போனில் சொன்னாள். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னே வந்தால் போதாதா என்று கேட்டேன். அவள் போனை உன் சித்தியிடம் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தாலும் நான் என்ன செய்கிறேன்? நீயே பார்த்திருக்கிறாய். விடியுமுன் எழுந்து கேட்டைத் திறந்து மூடுவேன். கீலுக்கு எண்ணெய் போடுவேன். ஒழுகாத பைப்பைக் கழற்றி, ஒழுகுகிற மாதிரி மாட்டிவைப்பேன். தெருவில் போகிறவர்களுக்கு என்னைத் தெரியாது, எனக்கும் அவர்களைத் தெரியாது. போன லீவில் உன் அம்மா சோற்றைப் பரிமாறிவிட்டு என்னைத் தேடினால் நான் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். "எதாவது ஒரு இடத்துல இரியுங்களேன். வந்த நாள்லேர்ந்து கால்ல சக்கரம் கட்டுன மாதிரி. எனக்கு உங்களைப் பாத்துப் பாத்து தலை சுத்துது" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சித்தான் சொன்னாள். நானும் வந்து உட்கார்ந்தேன். அவள் உள்ளே போய் ரசம் எடுத்து வருவதற்குள் எழுந்துவிட்டேன். பயம் அதுதான் மக்களே. வேலை போய்விடுமே என்று பயமில்லை. வேலை இல்லாமல் நான் யார் என்று உன் அம்மாவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்த வயதில் ரெண்டு பேரும் புதிதாக அறிமுகம் ஆக வேண்டும்.

என்னிடம் கேட்காமல் நீ காலித்திடம் பேசியது தப்பு. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க மாட்டேன். நல்லதுக்குத்தான் செய்தேன் என்பாய். நானும் அப்படித்தான் சொல்வேன், புலிக்குப் பிறந்தது பூனையாகுமா. வீடு கட்டும்போது அடுக்களை ஜன்னலை ரோட்டுப் பக்கம் வைக்க வேண்டும் என்று உன் அம்மா ஆசைப்பட்டாள். போகிற வருகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டே சமைக்கலாமே என்று. தூசி வரும் என்று நான் இங்கிருந்தே கொத்தனாருக்கு போன் போட்டுப் பின்பக்கம் வைக்கச் சொல்லிவிட்டேன். நல்லதுக்குத்தான். இத்தனை வருஷமாக அவள் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துச் சமைக்கிறாள், நான் அந்த அடுக்களையில் மொத்தமாக ஒரு மணிநேரம் நின்றிருந்தால் அதிகம். உன் ஜெனி குவைத்தில் மங்காஃப் பக்கம் ஆஸ்பத்திரி டூட்டி பார்க்கிறாள். கல்யாணம் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு துபாய்க்கு வந்துவிடுவாள் என்று என்னிடம் சொன்னாய். அவளிடம் கேட்டுச் சொன்னாயா, நீயே முடிவு செய்து சொன்னாயா? கேட்கவில்லை என்றால் இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாகக் கேள். அவள் என்ன பதில் சொன்னாலும் உடனே "சரி, சரி" என்று போனை வைக்காதே. கொஞ்சம் நேரம் கேட்டுக்கொண்டிரு.

ஆகஸ்டில் நடந்ததை ரஃபீக் உன்னிடம் சொல்லிவிட்டான் என்று இன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். அதட்டிக் கேட்டதும் காலைப் பிடித்துக்கொண்டான். பாவம், அவனைத் திட்டாமல் விட்டேன். மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் பார் வாங்கி வந்து வாத்துத் தொட்டியில் போடுவது கோடையில் என் வழக்கம், உனக்குத் தெரியும். அன்றைக்கு பாரைத் தூக்கிக்கொண்டு நடந்தது நினைவிருக்கிறது, பிறகு முகத்தில் தண்ணீர் தெளித்ததுதான் நினைவிருக்கிறது. இடையில் நடந்ததை ரஃபீக் சொல்லித்தான் அறிந்தேன். நான் தொட்டிப் பக்கம் விழுந்து கிடந்தேனாம். மெம்பர் என் நெஞ்சுப் பக்கம் வந்து இறக்கையை விரித்து நின்றுகொண்டு, அவனைக் கிட்டவே விடவில்லையாம். கையைப் பிடுங்கி, தொடையைக் கடித்து, ஒரே ரகளை. கடைசியில் கோணிச்சாக்கை அதன் தலையில் போட்டுத்தான் என்னை நிழலுக்கு இழுத்திருக்கிறான். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று அந்தக் கழுதை என்னைச் சாகடித்திருக்கும். அதை நினைத்துப் பல நாள் சிரித்தேன், இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ரஃபீக் மாதிரி நீயும் என்னை நிழலுக்கு இழுக்கத்தான் நினைத்தாய், நானும் மெம்பர் மாதிரி உன்னைக் கடிக்கத்தான் கிளம்பினேன். நீ பயந்துபோய்த்தான் காலித்திடம் போனாய் என்று இப்போது புரிகிறது. என்னிடம் வந்து "எனக்குப் பயமா இருக்குப்பா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்று நீ திருப்பிக் கேட்கலாம். கேட்டிருக்க மாட்டேன்.

மத்தியானம் சாப்பிடவில்லை. கொட்டகைக்குள் போய் நின்றேன். ரெண்டு பொட்டையில் மூத்தது, ஒரு வாரமாக முட்டையிட்ட பிறகும் கூட்டை விட்டு எழுந்திருக்க அடம் பிடிக்கிறது. நெஞ்சு மயிரைப் பிடுங்கிப் பிடுங்கிக் கூட்டில் போடுகிறது. உட்காரப் போகிறது என்று அர்த்தம். உட்கார்ந்தால் முட்டை நின்றுவிடுமே என்று நான் தினமும் அதைக் கிளப்பி வெளியே விரட்டிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் விரட்டக் கையைத் தூக்கினேன். அது கழுத்தைத் தரையோடு நீட்டி என்னைப் பார்த்துச் சீறியது, எழுந்திருக்கவில்லை. எத்தனை தடவை எடுத்தாலும் மறுபடி மறுபடி இட்டுவிட்டு, ஒரு தடவையாவது உட்கார விடேன் என்று கேட்கிற மாதிரி இருந்தது எனக்கு. எனக்குக் கை இறங்கிவிட்டது. உன் அக்காவைக் கட்டிக்கொடுக்கணும், இன்னும் ஒரு வருஷம். வீட்டை முடிக்கணும், இன்னும் ஒரு வருஷம். உன் படிப்பு, இன்னும் ஒரு வருஷம். எல்லாம் முடிந்த பிறகும், சும்மா, இன்னும் ஒரு வருஷம். அந்தக் கடைசி ஒரு வருஷத்தை என் கூட்டில் நீங்கள் யாரும் வைக்கவில்லை, நானேதான் வைத்துக்கொண்டேன். அது பீங்கான் என்று தெரிந்தேதான் வைத்தேன்.

அதன் வயிற்றுக்குக் கீழே கைவிட்டேன். கடித்தது, கடிக்கட்டும் என்று விட்டேன். பீங்கான் முட்டையை வெளியே எடுத்தேன். காலித் வீட்டுக்கு அனுப்புவதற்காக ட்ரேயில் சேர்த்து வைத்திருந்த இந்த வாரத்து முட்டைகளை ஒவ்வொன்றாக அதன் பக்கத்தில் வைத்தேன். மூக்கால் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டது. ரஃபீக் பின்னால் நின்று, "பாபா, பூல் கயா க்யா? நிக்கால்னா ஹை, டால்னா நஹீ" என்றான். எடுக்கத்தானே வேண்டும், வைக்கிறாயே, மறந்துவிட்டாயா என்று. மறக்கவில்லை என்றேன். உட்கார்ந்த வாத்துக்கு ஆள் வேண்டாம், தீவனமும் தண்ணீரும் எட்டுகிற இடத்தில் இருந்தால் போதும் என்று அவனுக்குக் காட்டிக் கொடுத்தேன். தினம் ஒருமுறை அதுவே எழுந்து குளித்துவிட்டு ஈரத்தோடு திரும்பி வரும், அப்போது பயந்துபோய்ப் பிடித்து உட்கார வைக்காதே, எழுந்து போகவும் அதற்கு உரிமை உண்டு என்றேன். சாயங்காலம் காலித் வந்தான். ட்ரே காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "பாபா, பைத் மாஃபி?" என்றான். அப்படியே அவன் அப்பா குரல். "மாஃபி" என்றேன். "இந்த வருஷம் மாஃபி." அவன் என்னையும் கூட்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

ஆகவே வருகிறேன். முதல் ஓலைக்கு முன்னாலேயே வருகிறேன். திரும்பி வர டிக்கெட் போடாதே. ஆனால் என் விஷயத்தை இனி என்னிடம் பேசு, சண்டை வந்தாலும் பரவாயில்லை. கோட்டெல்லாம் எனக்குத் தைக்காதே, வெள்ளைச் சட்டை போதும். கோவிலில் முன் பெஞ்சில் இருந்து நான் பாதியில் எழுந்து வெளியே போனால், கோபித்துக்கொண்டு போகிறேன் என்று நினைக்காதே, திரும்பி வருவேன். கல்யாணம் முடிந்த கையோடு ஒரு கொத்தனாரைப் பார்க்க வேண்டும், அடுக்களையில் ஒரு ஜன்னல் வேலை இருக்கிறது. உன் அம்மாவிடம் சொல்லாதே. இல்லை, வேண்டாம், நானே அவளிடம் கேட்டுவிட்டுச் செய்கிறேன், இப்போதும் அவளுக்கு அந்த ஜன்னல் வேண்டுமோ என்னவோ. நீ மாப்பிள்ளையாக நிற்கிற வாரத்தில்தான் இங்கே குஞ்சு பொரிக்கும். ரஃபீக் வீடியோ அனுப்புவான். அதை மட்டும் ஒன்றரை வேகத்தில் ஓட்டாமல் என்னோடு உட்கார்ந்து பார்.

பீங்கான் முட்டை சட்டைப் பையில் கனக்கிறது. ஏர்போர்ட்டில் இது என்ன என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெயில் இறங்கிவிட்டது. இந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் கொட்டகை ஓரத்தில், தீவனப் பெட்டிமேல் உட்கார்ந்து எழுதினேன். மோட்டார் சத்தம் மறுபடியும் மாறுகிறது, ரஃபீக் பார்த்துக்கொள்வான். வாத்து இன்னும் எழுந்திருக்கவில்லை மக்களே. நானும் எழுந்திருக்கவில்லை.